போகிறவள் ஏன் சிரிக்க வேண்டும்?

ஜூன் 3, செவ்வாய்

புதுப் படம் வந்திருக்கிறது. கொரியப் படம். ஒரு பெரிய ஹோட்டலின் சலவைக்கூடத்தில் வேலை செய்யும் ஆறு பெண்களின் கதை. அவர்களைத் தமிழில் பேச வைக்க எனக்கு நான்கு வாரம் கொடுத்திருக்கிறார்கள். இன்று டப்பிங் தியேட்டரில் உட்கார்ந்து முழுப் படத்தையும் பார்த்தேன்.

முதல் ஒன்றே முக்கால் மணி நேரம் நன்றாக இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் எளிதில் சிரிப்பவள் இல்லை. யாரோ ஒரு விருந்தாளியின் பல்செட்டு படுக்கை விரிப்போடு சேர்ந்து துவைக்க வந்துவிடுகிறது. ஆறு பேரும் அதை வெள்ளித் தட்டில் வைத்து, மாடிப்படி ஏறி, ஊர்வலமாக எடுத்துப்போகிறார்கள். சத்தமாகவே சிரித்துவிட்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் ஜெரால்டு எழுந்து நின்று, நான்தானா என்று பார்த்தார்.

பிறகு வருகிறது முடிவு. முதலாளி புதிதாக இஸ்திரி இயந்திரம் வாங்குகிறார். ஒருத்தி போக வேண்டும். யாரை அனுப்பலாம் என்று ஆறு பேரில் ஒருத்தியான சூப்பர்வைசர் அம்மாளைக் கேட்கிறார். அவள் ஒரு தாளில் ஏதோ எழுதிக் கொடுக்கிறாள். போவது மல்ஜா. இருப்பவர்களில் மூத்தவள், முழங்கால் வலிக்காரி. அதற்கு அரை மணி நேரம் முன்புதான் ஆறு பேரும் சோப்புத்தூள் டப்பாவின் மேல் கை வைத்து, ஒருத்தி போனால் எல்லோரும் போவோம் என்று சத்தியம் செய்தார்கள். அந்தச் சத்தியத்தைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசுவதில்லை. மல்ஜா பேருந்தில் ஏறுகிறாள். ஐந்து பேரும் வாசலில் நின்று துண்டை ஆட்டுகிறார்கள். அவள் ஜன்னல் வழியாகச் சிரித்து, "நீங்கள் எல்லாம் நன்றாக இருந்தால் போதும், நான் சந்தோஷமாகத்தான் போகிறேன்" என்கிறாள். ஐந்து பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்ப் புது இயந்திரத்தைச் சுற்றி ஆடுகிறார்கள். படம் முடிந்தது.

போகிறவள் ஏன் சிரிக்க வேண்டும்? இருக்கப்போகிறவர்களுக்கு ஆறுதல் சொல்வதும் அவள் வேலையா? இதை எழுதியவர் ஒரு நாளாவது ஓரிடத்தில் வேலை பார்த்திருக்கிறாரா?

வீட்டுக்கு வந்து பார்த்தால் தண்ணீர் லாரி வரவில்லை.

ஜூன் 5, வியாழன்

காலையில் மாடியில் கூட்டம். நிர்வாகி ரகுநந்தன் எங்களை மாடிக்குக் கூப்பிட்டால் தேநீரோடு முந்திரி பிஸ்கட்டும் இருக்கும். பிஸ்கட் இருந்தால் செய்தி நல்லதாக இருக்காது.

"நாம எல்லாம் ஒரே ஃபேமிலி" என்று ஆரம்பித்தார். எங்கள் டப்பிங் நிலையத்தில் ஒப்பந்தத்தில் இருக்கும் பெண் குரல்கள் மூன்று. ஜூலையிலிருந்து இரண்டு போதும் என்று மும்பைத் தலைமை அலுவலகம் சொல்லிவிட்டதாம். முப்பதாம் தேதி ஒப்பந்தம் முடிகிறது. மூவரில் இருவருக்குத்தான் புதுப்பிப்பார்கள். யார் என்பதைத் தான் முடிவு செய்யப்போவதில்லை, கையில் இருக்கும் படிவங்கள் முடிவு செய்யும் என்றார். எந்தப் படிவம் என்று யாரும் கேட்கவில்லை.

அம்சவேணி அக்கா பத்தொன்பது ஆண்டுகளாக இங்கே குரல் கொடுக்கிறார். வயது ஐம்பத்து நான்கு. மற்ற இருவரும் முப்பதைத் தாண்டாதவர்கள். அக்கா கூட்டம் முழுவதும் பிஸ்கட்டைத் தேநீரில் தொட்டுத் தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

எனக்கு இதில் சம்பந்தமில்லை. நான் எழுத்துப் பிரிவு.

ஜூன் 6, வெள்ளி

மதியம் அம்சாக்கா வழக்கம்போல என் டப்பா மூடியில் கோவைக்காய்ப் பொரியல் வைத்தார். வேண்டாம் என்றால் கேட்க மாட்டார். பதினோரு ஆண்டுகளாக இப்படித்தான்.

"இன்னா வல்லி, பேயறைஞ்ச மாதிரி இருக்க?"

"படத்தோட முடிவு சரியில்ல அக்கா."

"படம்தானே? வுடு. மாடில கூப்ட்டாங்கன்னு போய்ட்டு வந்தேன், நான் அப்டியா இருக்கேன்?"

எதற்குக் கூப்பிட்டார்கள் என்று கேட்டேன். "சும்மாதான்" என்றார்.

பொரியலில் இன்று உப்புக் கொஞ்சம் அதிகம்.

ஜூன் 10, செவ்வாய்

பாதிப் படம் எழுதியாயிற்று. கொரிய உதடுகள் தமிழுக்கு நன்றாகவே ஒத்துழைக்கின்றன. மல்ஜாவுக்கு அம்சாக்காவின் குரல்தான் என்று முதல் நாளே முடிவாகிவிட்டது. அவர் பேசினால் மல்ஜா வடசென்னை வியாசர்பாடியில் பிறந்தவள் மாதிரி ஆகிவிடுவாள். அது குறையல்ல.

ஒரு விஷயத்தை இங்கே குறித்து வைக்கிறேன், வேறு காரணம் இல்லை. ஒவ்வொரு படமும் முடிந்ததும் ஒவ்வொரு குரலுக்கும் பத்துக்கு மதிப்பெண் போட்டு, ஒரு வரி குறிப்பு எழுதித் தருவது என் வேலையில் ஒரு சின்னப் பகுதி. ஆறு ஆண்டுகளாகச் செய்கிறேன். எல்லோருக்கும் உண்மையைத்தான் எழுதுகிறேன். முகத்துக்காக எழுதும் பழக்கம் எனக்கு இல்லை. பல்கலைக்கழகத்தில் என் ஆய்வு நெறியாளர் அதற்காகவே என்னைப் பாராட்டியிருக்கிறார்.

எரிவாயு உருளைக்குப் பதிவு செய்தேன்.

ஜூன் 13, வெள்ளி

சூப்பர்வைசர் அம்மாள் அந்தத் தாளில் எழுதும் காட்சி படத்தில் பதினொரு விநாடிதான். பேனா, தாள், அவள் கை, பிறகு மூடும் கதவு. படம் அதைத் தாண்டி ஓடிவிடுகிறது. பிறகு அவளும் மற்றவர்களோடு துண்டை ஆட்டுகிறாள், மற்றவர்களோடு ஆடுகிறாள். ஒரு கேள்வி இல்லை. ஒரு முகக்கோணல் இல்லை. இயக்குநருக்கு அவள்மேல் அவ்வளவு பாசம்.

இன்று அந்தக் காட்சியை மறுபடி மறுபடி போடச் சொன்னேன்.

"மேடம், இதோட ஒம்போது தடவை" என்றார் ஜெரால்டு.

"உதடு சரியா ஒட்டுதான்னு பாக்கணும்."

"இதுல டயலாக்கே இல்லையே மேடம்."

ஜெரால்டு நல்ல மனிதர். ஆனால் கொஞ்சம் அதிகமாகப் பேசுகிறார்.

ஜூன் 17, செவ்வாய்

தண்ணீர் லாரிக்காரருக்கு நான்கு முறை தொலைபேசி. "வந்துகினே இருக்குதும்மா" என்கிறார். எங்கிருந்து வந்துகொண்டிருக்கிறது, காசியிலிருந்தா? குடியிருப்புச் சங்கச் செயலாளர் மொட்டை மாடியில் ரோஜாச் செடிக்குக் குழாய் வைத்துத் தண்ணீர் விடுகிறார். நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். இந்த ஊரில் யாருக்கும் தான் செய்வது இன்னது என்ற உணர்வே இல்லை.

மாலை ரகுநந்தன் அழைத்தார். ஆறு மாதப் படிவங்களைத் தொகுத்து ஒரே அறிக்கையாக அடித்திருக்கிறாராம். அதில் நான் கையெழுத்துப் போட்டால் மும்பைக்கு அனுப்பிவிடலாமாம்.

"மார்ச் படத்துக்கு நீங்க போட்ட குறிப்பு ரொம்ப உதவியா இருந்துச்சு மேடம். இல்லாட்டி நான் என்ன காரணம் சொல்லுவேன்? பத்தொன்பது வருஷ ஆளு."

பார்த்துவிட்டுத் தருகிறேன் என்றேன்.

மார்ச் படத்தில் அம்சாக்கா முப்பது வயதுக் கதாநாயகிக்குப் பேசினார். நான் எழுதியது இதுதான்: "குரலில் வயது தெரியத் தொடங்கியிருக்கிறது. சொற்கள் சில இடங்களில் குழறுகின்றன. 5/10." ஒலிப்பதிவைக் கேட்டால் யாரும் அப்படித்தான் எழுதுவார்கள்.

ஜூன் 20, வெள்ளி

முடிவை மாற்ற அனுமதி கேட்டு மாடிக்குப் போனேன். பேருந்து ஜன்னல் காட்சியில் மல்ஜா சிரித்ததும் பேருந்து நகர்கிறது, பேசும்போது அவள் வாய் தெரிவதில்லை. கண்ணாடியில் மரங்களின் நிழல் ஓடுகிறது. உதடு தெரியாத இடத்தில் அதே நீளத்துக்கு எந்த வசனத்தையும் வைக்கலாம். டப்பிங்கில் எங்களுக்கு இருக்கும் சுதந்திரம் அவ்வளவுதான்: முதுகு, தூரம், நிழல்.

ரகுநந்தன் முழுவதும் கேட்டுவிட்டு, "இது ஃபீல் குட் படம் மேடம். வேலை முடிஞ்சு வீட்டுக்கு வர்றவன் பாக்கிறது. அவனைப் போய்க் குத்திக் காட்டணுமா?" என்றார்.

"பொய் சொல்றதுக்குப் பேரு ஃபீல் குட்டா?"

"ஏன் மேடம் இவ்ளோ கோவம்? கொரியாவுல நடக்கிற கதை."

எழுதித் தாருங்கள், படம் வாங்கியவர்களிடம் கேட்கிறேன் என்றார். பிறகு அந்த அறிக்கையை நினைவூட்டினார். இருபத்தேழாம் தேதிக்குள் வேண்டுமாம்.

இவ்வளவு கோபம் எனக்கு எதற்கு என்று பேருந்தில் வரும்போது யோசித்தேன். கலைப்படைப்பு தன் பாத்திரங்களுக்கு நேர்மையாக இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஜூன் 22, ஞாயிறு

கோவில்பட்டியிலிருந்து தம்பி பேசினான். "என்னக்கா குரலு ஒரு மாதிரி இருக்கு?" என்றான். எல்லோரும் குரலைப் பற்றியே பேசுகிறார்கள்.

ஜூன் 24, செவ்வாய்

மல்ஜாவுக்குப் புது வசனம் எழுதிவிட்டேன். "சத்தியம் பண்ணப்ப டப்பா மேல ஆறு கை இருந்துச்சு. இப்ப எண்ணிப் பாத்தா என் கை மட்டும்தான் இருக்கு." நீளம் சரியாக இருக்கிறது. காரமாகவும் இருக்கிறது. ஐந்து பேரும் துண்டை ஆட்டிக்கொண்டிருக்கும்போது இது வந்து விழுந்தால் துண்டு அப்படியே நிற்கும். மன நிறைவாக இருந்தது.

பிறகு பாலை அடுப்பில் வைத்துவிட்டு நின்றேன், பொங்கி வழிந்து அடுப்பெல்லாம் ஆகிவிட்டது. துடைத்துக்கொண்டிருந்தபோது நினைத்ததை எழுதிவிடுகிறேன். இது நான் மட்டும் படிக்கும் நோட்டு.

மார்ச் பத்தொன்பதாம் தேதி அம்சாக்காவுக்குக் கடைவாய்ப் பல் இரண்டைப் பிடுங்கினார்கள். இருபதாம் தேதி வர முடியாது, வீக்கம் இருக்கிறது என்று தொலைபேசியில் சொன்னார். வெள்ளிக்கிழமை படத்தைக் கொடுத்தாக வேண்டும், எப்படியாவது வாருங்கள் என்று சொன்னது நான். வந்தார். கன்னத்தில் பஞ்சை வைத்துக்கொண்டு ஆறு மணி நேரம் நின்று பேசினார். இடையிடையே கழிப்பறைக்குப் போய் ரத்தம் துப்பிவிட்டு வந்தார். மறுநாள் நான் படிவத்தை நிரப்பினேன். கேட்டதைத்தான் எழுதினேன். அந்தப் படிவத்தில் பல்லுக்குக் கட்டம் இல்லை.

ஜூன் 26, வியாழன்

அறிக்கை என் அலுவலக மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போடவில்லை. கிழிக்கவும் இல்லை. அதன் மேல் அகராதியை வைத்திருக்கிறேன்.

எரிவாயு வந்தது.

ஜூன் 27, வெள்ளி

கடைசிக் காட்சியின் ஒலிப்பதிவு இன்று. அம்சாக்கா உள்ளே மைக் முன்னால் நின்றார். நானும் ஜெரால்டும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம். வசனத்தை நான் இங்கிருந்து பொத்தானை அழுத்திச் சொல்ல வேண்டும், அவருக்கு ஹெட்ஃபோனில் கேட்கும். புது வசனத்தைச் சொன்னேன். இரண்டு முறை சொல்லச் சொன்னார்.

"நல்லாத்தான் எழுதிக்கிற. ஜெரால்டு, படத்தை ஒருவாட்டி சும்மா வுடு, பாத்துக்கிறேன்."

பேருந்து, ஜன்னல், மரநிழல். முன்னால் ஐந்து பேரின் முதுகு. நடுவில் சூப்பர்வைசர்.

"வல்லி, இந்த சூப்பர்வைசரம்மா இன்னாத்துக்கு முதுகக் காட்டிக்கினு நிக்கிறா?"

"கேமரா அப்படி வச்சிருக்காங்க அக்கா."

"கேமராவ வுடு. அவ மூஞ்சும்தான் தெரில. அவளுக்கும் நீ இன்னா வேணா எழுதலாம்தானே?"

"எழுதலாம்."

"பின்ன? போறவ வாயில வண்டி வண்டியா வச்சிக்கிற. பாவம், அவ மூட்டையத் தூக்கிக்கினு பஸ்ல குந்திகினுக்கிறா, அவளே உங்களுக்குப் பாடமும் நடத்தணுமா? நிக்கிறா பாரு ஒருத்தி, அவ வாயில ஒரு வார்த்த வைக்கலியே நீ."

அவர் சிரிக்கவில்லை. கண்ணாடி வழியாக நேராக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜெரால்டு ஏதோ ஒரு விசையைத் துடைக்க ஆரம்பித்தார்.

ஒரு தாளை எடுத்தேன். எழுதுவது என் தொழில். இருபத்திரண்டு ஆண்டுகளாக மற்றவர்கள் வாயில் வார்த்தை வைக்கிறேன். இரண்டு வரி எழுதப் பத்து நிமிடம் ஆயிற்று. பிறகு பொத்தானை அழுத்தி, சூப்பர்வைசரின் வசனத்தைச் சொன்னேன்:

"மல்ஜா, உன் வேலை சரியில்லைன்னு எழுதிக் குடுத்தது நான்தான். உனக்குக் கால்வலின்னு தெரிஞ்சுதான் எழுதினேன்."

அம்சாக்கா ஹெட்ஃபோனை ஒரு காதிலிருந்து மட்டும் விலக்கிக் கையில் பிடித்துக்கொண்டார்.

"கால்வலியா, பல்வலியா?"

பொத்தானை அழுத்தியபடியே இருந்தேன்.

"ஆறாந்தேதியே தெரியும். ரகு சார் கூப்ட்டு வச்சுப் படிச்சுக் காட்டுனாரு. 'நான் சொல்லல, வல்லி மேடமே எழுதிக்கிறாங்க பாருங்க'ன்னு."

"அப்பவே ஏன் அக்கா என்னைக் கேக்கல?"

"நீயா சொல்லுவேன்னு பாத்தேன். தெனம் கோவக்கா வச்சிக்கினே பாத்தேன். நீ கொரியாக்காரனத் திட்டிக்கினே துன்னுன."

ஜெரால்டு எழுந்து வெளியே போகப் பார்த்தார். "நீ குந்துப்பா, உனக்குத் தெரியாததா" என்றார் அக்கா. ஜெரால்டு உட்கார்ந்தார்.

"மன்னிச்சிருங்க அக்கா."

"மன்னிக்கிறது அப்பறம். படத்துல ஒருத்தி சொல்லிட்டா எனக்கு இன்னா ஆவும்? சத்தம் வெளிய போவாத ரூமுல குந்திக்கினு சொன்னா யாருக்குக் கேக்கும்? மாடிக்குப் போய் சொல்லு."

மாடிக்கு இருபத்து நான்கு படி. பதினோரு ஆண்டுகளில் இன்றுதான் எண்ணினேன்.

ரகுநந்தனிடம் அந்த அறிக்கையையும் அதற்கு முன் என் மேசையில் உட்கார்ந்து எழுதிய கடிதத்தையும் கொடுத்தேன். மார்ச் மாதக் குறிப்பைத் திரும்பப் பெறுகிறேன், கலைஞர் பல் பிடுங்கிய மறுநாள் என் வற்புறுத்தலால் பேசினார், அது தெரிந்தும் அதை மறைத்து மதிப்பெண் போட்டது என் தவறு என்று எழுதியிருந்தேன். அவர் இரண்டு முறை படித்தார்.

"மேடம், இது உங்களுக்கே நல்லா இருக்குமா? மும்பைல என்ன நினைப்பாங்க?"

"உண்மையத்தான் நினைப்பாங்க."

"சரி. அப்ப ரெண்டு சின்னப் பொண்ணுங்கள்ல யாரை அனுப்புறது? சொல்லுங்க."

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. அந்த இரண்டு பெண்களின் முகமும் வந்தது. ஒருத்திக்குக் கைக்குழந்தை.

"அத நான் சொல்ல மாட்டேன். அனுப்பித்தான் ஆகணும்னா நீங்க எழுதுங்க, உங்க கையெழுத்துல எழுதுங்க. 'நான் செய்யல, படிவம் செய்யுது'ன்னு இனி ஒருத்தருகிட்டயும் சொல்லாதீங்க."

"நாம ஒரே ஃபேமிலி மேடம். இப்படிப் பேசலாமா?"

"எங்க வீட்டுல யாரையும் மதிப்பெண் போட்டு வெளிய அனுப்பினதில்ல."

குரல் நடுங்கியது. நடுங்காமல் பேசியதாக எழுத ஆசைதான்.

கீழே வந்தபோது அம்சாக்கா கிளம்பிப் போயிருந்தார்.

ஜூன் 30, திங்கள்

ரகுநந்தனுக்குத் தன் கையெழுத்தில் எதையும் எழுதப் பிடிக்காது. கடிதத்தையும் கையெழுத்தில்லாத அறிக்கையையும் அப்படியே மும்பைக்கு அனுப்பிவிட்டார். மாலை பதில் வந்தது. மூவருக்கும் மூன்று மாதம் நீட்டிப்பு. அதற்குள் வெளியாள் ஒருவர் வந்து புதிதாக மதிப்பிடுவார். இந்தப் படத்தோடு படிவம் நிரப்பும் பொறுப்பு என்னிடமிருந்து எடுக்கப்படுகிறது.

மூன்று மாதம். இதற்குப் பெயர் வெற்றியா? செப்டம்பரில் இதே மாடி, இதே பிஸ்கட்.

எழுதி அனுப்பிய என் புது வசனங்கள் இரண்டையும் படம் வாங்கியவர்கள் நிராகரித்துவிட்டார்கள். "மூல வசனமே இருக்கட்டும், முடிவு மனதைத் தொடுகிறது" என்று எழுதியிருக்கிறார்கள். யார் மனதை?

ஜூலை 2, புதன்

மூல வசனத்தையே அம்சாக்கா பேசினார். "நீங்க எல்லாம் நல்லா இருந்தா போதும். நான் சந்தோஷமாத்தான் போறேன்." ஒரே டேக். ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. 'சந்தோஷமா'வுக்கும் 'தான்'னுக்கும் நடுவில் ஒரு மூச்சு விட்டார், அவ்வளவுதான். ஜெரால்டு ஒலியைக் குறைத்தார். "இன்னொண்ணு எடுக்கவா அக்கா?" என்று கேட்டார். "வேணாம்பா" என்றார் அக்கா.

படம் வாங்கியவர்கள் அந்த மூச்சைக் கவனிக்கவில்லை. அப்படியே ஒப்புதல் தந்துவிட்டார்கள்.

ஜூலை 18, வெள்ளி

படம் வெளியாகிவிட்டது. பத்திரிகையில் விமர்சனம்: "சிரித்துக்கொண்டே கண் கலங்க வைக்கும் இதமான முடிவு." பத்திரிகையை மடித்து, மிளகாய்ப் பொடி டப்பாவுக்கு அடியில் போட்டேன்.

மூன்று வாரமாக மதியம் என் டப்பா மூடி காலியாகவே இருக்கிறது. அம்சாக்கா பக்கத்தில்தான் உட்காருகிறார். "தண்ணி வந்துச்சா உங்க வூட்ல?" என்று கேட்கிறார். கோவைக்காய் அவர் டப்பாவிலேயே இருக்கிறது. கேட்டு வாங்குகிற விஷயமல்ல அது. படமாக இருந்தால் இன்று ஒரு கரண்டி வைத்திருப்பார், பின்னணியில் வயலின் வாசித்திருப்பார்கள். வைக்கவில்லை. வைக்காதது சரிதான் என்று எனக்கே தோன்றுகிறது.

நான் நிரப்ப வேண்டிய கடைசிப் படிவம் இன்று வந்தது. வலது ஓரத்தில் அளவுகோல் வைத்து ஒரு கட்டம் கூடுதலாக வரைந்தேன். தலைப்பில் 'அன்று கலைஞரின் உடல்நிலை' என்று எழுதினேன். அதில் 'கேட்டேன். நலம் என்றார்' என்று நிரப்பினேன். மற்றவற்றையும் முடித்துக் கையெழுத்துப் போட்டு மாடிக்கு அனுப்பினேன்.

பாத்திரம்: மல்ஜா. குரல்: அம்சவேணி. மதிப்பெண்: 10/10. குறிப்பு: இவள் சந்தோஷமாகப் போகவில்லை என்பது தெளிவாகக் கேட்கிறது.